தண்ணீருக்குள் ஐந்து கிலோ

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வில், நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதச் சொன்ன வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றேன். நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அப்பொருளின் மீது செயல்படும் ஈர்ப்பு விசை. இரண்டு வாக்கியங்களும் நீளத்தில் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஒன்றைச் சொன்னால் மற்றொன்று தானாக நாவுக்கு வந்தது. எனக்கு அவை பிடித்திருந்தன. புரிந்திருந்தன என்று சொல்லமாட்டேன். நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது என்பதையும் சேர்த்து எழுதினேன். நிலவுக்குப் போகும் உத்தேசம் இல்லாததால் அதற்குமேல் யோசிக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து தினமும் போய்வரும்படி சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்து, இயற்பியலை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

அந்த இரு வாக்கியங்களின் பொருள் எனக்கு விளங்கியது சென்ற தை மாதத்தில். ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தில், தண்ணீர் நிரப்பிய நீல நிற டிரம் ஒன்றின் அருகில்.

எங்கள் நிலம் நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே, சற்றுச் சரிவான செம்மண் காடு. அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். ஆண்டில் எட்டு மாதம் வட மாநிலங்களில் இருப்பார். அதனால் சித்தப்பாதான் எங்கள் காட்டையும் தம் காட்டோடு சேர்த்து உழுது வந்தார். சென்ற ஆண்டு அம்மா, இந்த முறை மரவள்ளியை நானே வைத்துப் பார்க்கிறேன் என்றாள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை, யாரும் நம்பவுமில்லை. சித்தப்பா கெட்டவர் அல்லர். உழவுக்கு டிராக்டரும் கேட்ட நேரத்துக்கு ஆளும் அனுப்பினார். ஆனால் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒன்றைச் சொல்லியிருந்தார்.

"இருபத்தஞ்சு பாயிண்டு வந்துருச்சுன்னா அடுத்த வருசமும் நீங்களே பண்ணுங்க அண்ணி. வரலீன்னா நான் பழையபடி சேத்து உழுதுக்கறேன். என்னங்க?"

"சரிங்க தம்பி," என்றாள் அம்மா.

பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கும் மாவின் அளவு. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்கு விலை அதைப் பார்த்துத்தான். கிழங்கு எத்தனை பருமன், எத்தனை நீளம் என்று ஆலையில் யாரும் கேட்பதில்லை. பாயிண்ட் என்ன என்று மட்டுமே கேட்பார்கள். மழையைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஒரே கருத்து. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் செடி புதிதாகத் தழைக்கும், தழைப்பதற்குக் கிழங்கிலிருந்து மாவை எடுத்துக்கொள்ளும், கிழங்கு நீர்த்துப்போகும், பாயிண்ட் இறங்கும். இது உண்மைதான்.

நட்ட ஒன்பதாம் மாதத்தில் வானம் கறுத்தபோது சித்தப்பா தம் கிழங்கைப் பிடுங்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, வானத்தப் பாத்தீங்களா? நாளைக்கே ஆளு வுட்டுப் புடுங்கிருங்க. மழ உழுந்துச்சுன்னா அப்பறம் தண்ணிக் கெழங்குதான்."

"இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்க தம்பி."

"மாசக் கணக்கெல்லாம் மழைக்குத் தெரியுமாக்கும்?"

"மழைக்குத் தெரியாதுங்க. கெழங்குக்குத் தெரியும்."

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஊரில் நின்றிருந்த மரவள்ளி முழுவதையும் அவசரமாகப் பிடுங்கத் தொடங்கினார்கள். அம்மா அப்போதும் பிடுங்கவில்லை. காட்டின் மேற்புறத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓடைப்பக்கம் ஒன்று என மூன்று செடிகளை மட்டும் பிடுங்கி, கிழங்குகளை முழங்காலில் வைத்து ஒடித்துப் பார்த்தாள். ஒடியும் சத்தத்தைக் கேட்டாள். ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, கசியும் பால் எவ்வளவு நேரத்தில் பிசுபிசுக்கிறது என்று பார்த்தாள். சரிவில் தண்ணீர் நிற்கவில்லை, செடி புதிதாக எதையும் தழைக்கவில்லை என்பது அவள் முடிவு. மூன்று வாரம் கழித்து மறுபடியும் மூன்று செடிகள், மறுபடியும் ஒடித்துப் பார்த்தல். அதன் பிறகுதான் ஆள் விட்டாள். அவள் செய்ததை நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடலுக்குப் பாடவேறுபாடு பார்ப்பவரின் பொறுமை அவளிடம் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். "கூட வா சாமி," என்றாள் அம்மா. டிராக்டரைச் சித்தப்பா ஓட்டினார். நானும் அம்மாவும் பெட்டியில், கிழங்குக் குவியலின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டோம்.

ஆலையை அடைந்தபோது பகல் பதினொரு மணி. எங்களுக்கு முன்னால் இரண்டு டிராக்டர்கள் இருந்தன. களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே டிரம். டிரம்முக்கு மேலே கொக்கியில் தொங்கும் வட்டத் தராசு. தராசிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கம்பிக் கூடை. பாயிண்ட் பார்ப்பவர் ஐம்பது வயதுள்ளவர், காதில் பென்சில் செருகியிருந்தார். பார்த்த பாயிண்டைப் பின்சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார்.

அவர் செய்யும் வேலையை நான் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கைக்கு வந்த கிழங்குகளை எடுத்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி மண்ணை அலசி, மின் தராசில் சரியாக ஐந்து கிலோ வரும்வரை ஒன்றை நறுக்கிச் சேர்க்கிறார். பிறகு அந்த ஐந்து கிலோவைக் கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்குகிறார். மேலே வட்டத் தராசின் முள் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கிறது. அந்த இடம்தான் பாயிண்ட்.

அந்த முள் நிற்கும் இடத்தைக் கிலோவில் சொன்னால் ஏறத்தாழ அரைக் கிலோதான் இருக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். ஐந்து கிலோ தண்ணீருக்குள் போனதும் அரைக் கிலோ. மீதி நாலரைக் கிலோ எங்கே போயிற்று? இந்தக் கேள்வி எனக்குத் தற்செயலாகத்தான் தோன்றியது. கிழங்கு கரையவில்லை. கூடையில் போட்ட துண்டுகள் போட்டபடியே இருந்தன. எனவே நிறை மாறவில்லை. பூமி அந்தக் கிழங்கை இழுப்பதும் நின்றிருக்க முடியாது; தண்ணீருக்குள் இருப்பது பூமிக்கு ஒரு பொருட்டல்ல. எனவே எடையும் மாறவில்லை. இதுவரை நான் தண்ணீரில் எடை குறைகிறது என்றே எண்ணியிருந்தேன், அது பிழை. குறைவது கொக்கியின் பங்கு மட்டும். நாலரைக் கிலோவைத் தண்ணீர் கீழிருந்து தாங்கிக்கொள்கிறது. தண்ணீர் தாங்கமுடியாத மீதியைக் கொக்கி சுமக்கிறது. கொக்கி சுமப்பதைத்தான் முள் சொல்கிறது. மாவு தண்ணீரைவிடச் செறிவானது. எனவே மாவு மிகுந்த கிழங்கு கொக்கியில் அதிகமாகத் தொங்கும்.

வீட்டுத் தொட்டியில் வாளி மூழ்கிக் கிடக்கும்போது ஒரு விரலால் தூக்கலாம். விளிம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கை இறங்கும். தினமும் செய்த வேலை. அதையும் ஒன்பதாம் வகுப்பின் இரு வாக்கியங்களையும் நான் ஒருநாளும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் முறை வந்தது.

"வாங்க, வாங்க. மழக் கெழங்கா?" என்றார் பாயிண்ட் பார்ப்பவர்.

"மழைக்கு அப்பறம் புடுங்குனதுங்க. மழக் கெழங்கு இல்லீங்க," என்றாள் அம்மா.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. முள்ளு வேற சொல்லுது."

ஐந்து கிலோ அளந்தார். கூடையில் இட்டு இறக்கினார். முள் நகர்ந்தது, தயங்கியது, நின்றது.

"இருபத்திரண்டு," என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சீட்டில் எழுதினார். பலகையிலும் எழுதினார்.

அம்மா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்த சித்தப்பாவும் கிண்டலை விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

"வுடுங்க அண்ணி. மழ பண்ணுன வேல. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

அந்த நொடியில் ஒரு காடு அம்மாவின் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. நான் பலகையைப் பார்த்தேன். எழுத்தாக எது எதிரே இருந்தாலும் படித்துவிடுவது என் வழக்கம். மேலிருந்து கீழாக எழுதியிருந்தது: இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தைந்தரை, இருபத்தைந்து, இருபத்து நான்கு, இருபத்து மூன்றரை, இருபத்து மூன்று, இருபத்திரண்டு. மறுபடி படித்தேன். எட்டு வண்டிகள் எட்டுத் திசையிலிருந்து வந்தவை. ஒன்று மேட்டுக் காட்டுக் கிழங்காக இருக்கும், ஒன்று வயலோரத்துக் கிழங்காக இருக்கும். மழை பாயிண்டை இறக்கியிருக்கலாம். ஆனால் எந்த வண்டி முன்னால் வரும், எந்த வண்டி பின்னால் வரும் என்பது மழைக்கு எப்படித் தெரியும்? ஓரிடத்தில்கூட ஏறாமல், வந்த வரிசையிலேயே எப்படி இறங்கும்?

குறை கிழங்கில் இல்லை என்று அப்போதே எனக்கு உறுதியாயிற்று. காரணம்தான் தெரியவில்லை. கிழங்கின் நிறை அதுவே. பூமியின் இழுப்பு அதுவே. முள் குறைத்துச் சொல்கிறதென்றால், தண்ணீரைத் தவிர வேறு ஏதோ ஒன்று கூடையைக் கீழிருந்து தாங்குகிறது. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் தாங்குகிறது.

அந்நியரிடம் வலியப் பேசுவது எனக்கு வராது. கல்லூரியிலேயே என் குரல் எப்படியிருக்கும் என்று அறியாதவர்கள் உண்டு. ஆனால் அன்று பேசினேன்.

"ஏனுங்க, அந்தக் கூடைய ஒருக்காத் தூக்கிக் காட்டுறீங்களா?"

"எதுக்கு அம்மிணி?"

"கூடையோட அடியப் பாக்கோணுங்க."

அவர் சிரித்தார். "காலேஜுல இஞ்சினீரா?"

"இல்லீங்க. தமிழ் இலக்கியம்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டிச் சிரித்தார். "அப்ப கெழங்கு மேல ஒரு பாட்டுக் கட்டு கண்ணு. பாட்டுக்கு ரெண்டு பாயிண்டு சேத்துப் போடுவாரு."

என் முகம் சூடேறியது. அதற்குள் அம்மா ஓரடி முன்னால் வந்திருந்தாள். "எம்புள்ள தூக்கிக் காட்டத்தானுங்க கேட்டா. தூக்குனா தேஞ்சா போயிரும்?"

அவர் கூடையைத் தூக்கினார். தண்ணீர் வடிந்தது. கூடையின் அடிப்புறம் முழுவதும் செஞ்சேறு அப்பியிருந்தது. அதில் ஒரு தோல் துண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கெழங்குல ஒட்டுன மண்ணு அது," என்றார்.

"கெழங்கு கூடைக்குள்ளதானுங்க இருக்குது. சேறு வெளியில, அடியில இருக்குது. கூடை எது மேலயோ உக்காந்து எந்திரிச்சு வருதுங்க."

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். பாயிண்ட் பார்ப்பவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு களத்தில் கிடந்த ஒரு மரவள்ளிக் குச்சியை எடுத்து டிரம்முக்குள் விட்டார். அடியைத் தொடுவதற்கு வெகு முன்பே குச்சி மெத்தென்று நின்றது. அழுத்தினார், இறங்கியது. கூடை தொங்கும் ஆழத்தைக் குச்சியில் நகத்தால் குறித்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் பிறகு பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவரும் இப்போது அதைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவும் அவரும் சேர்ந்து டிரம்மைச் சாய்த்தார்கள். மேல் தண்ணீர் ஓடியபின் குழைந்த செம்மண்ணும், தோலும், நறுக்கிய நுனிகளும், வேர்த் துண்டுகளும் களத்தில் வந்து விழுந்தன. வழக்கமான நாட்களில் கிழங்கில் மண் காய்ந்து உதிர்ந்துவிடும். காலையில் மாற்றிய தண்ணீர் மாலைவரை தாங்கும். மழைக்குப் பின் வரும் கிழங்கில் களிபோல் ஒட்டியிருக்கும் மண் ஒரு குவளைத் தண்ணீரில் போகாது, டிரம்முக்குள்தான் கரையும். பாயிண்ட் இறங்குகிறது என்றதும் ஒவ்வொருவரும் மழையைச் சொன்னார்கள். மழை பாயிண்டை இறக்கும் என்று எல்லோருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால், ஒருவரும் டிரம்முக்குள் பார்க்கவில்லை. பாயிண்ட் பார்ப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் வண்டியில் வந்த சித்தப்பாவும் அதையே நம்பினார்.

குழாய்த் தண்ணீர் மெல்லத்தான் வந்தது. டிரம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா உட்காரவில்லை. அளந்த ஐந்து கிலோக் கிழங்கின் அருகிலேயே நின்றாள்.

"உனக்கு எப்புடிச் சாமி தெரிஞ்சுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

நான் நிறை, எடை, ஈர்ப்பு விசை என்று தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. தலையில தண்ணிக் கொடம் இருக்குது. பின்னால வர்ற ஒருத்தி அதைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுட்டு வாரா. கொடத்துல தண்ணி கொறையல. ஆனா என்ற கழுத்துக்குக் கொறைஞ்ச மாதிரி இருக்கும். அதுதானா?"

"அதேதாம்மா."

"அப்ப அந்த முள்ளு, என்ற கழுத்து."

நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய விடையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதற்கு எனக்குக் கொடுத்த மதிப்பெண் சற்று அதிகம் என்றே தோன்றியது. குடம் என்ற ஒரே பொருளை வைத்து, மாறாதது எது, மாறுவதுபோல் தெரிவது எது என்று அவள் பிரித்துவிட்டாள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எனக்குத் தெரிந்த எந்த உரையாசிரியரும் அதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க மாட்டார்.

டிரம் நிறைந்தது. பாயிண்ட் பார்ப்பவர் இந்த முறை அவசரப்படவில்லை. வெறும் கூடையை முதலில் இறக்கி, முள் தன் தொடக்கக் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார். கூடையை லேசாகத் தட்டினார். அது தண்ணீருக்குள் தாராளமாக ஆடியது. பிறகு அதே கிழங்கு, அதே துண்டுகள், அதே ஐந்து கிலோ. அம்மாவே எடுத்து ஒவ்வொன்றாகக் கூடையில் வைத்தாள்.

முள் நகர்ந்தது. இருபத்திரண்டைத் தாண்டியது. இருபத்தைந்தைத் தாண்டியபோது சித்தப்பா தொண்டையைச் செருமினார். அது மேலும் சென்று, இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடி, நின்றது.

"இருபத்தேழு," என்றார் பாயிண்ட் பார்ப்பவர். பிறகு குனிந்து மறுபடியும் பார்த்தார். "இருபத்தேழுதானுங்க. இன்னைக்கு வந்ததுல இதுதான் ஒசத்தி."

வரிசையில் யாரோ, "மழைக்கு அப்பறம் இருபத்தேழா?" என்றார். "எந்தக் காடுங்க?" என்று மற்றொருவர் கேட்டார். அம்மா காட்டைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் தலையை நிமிர்த்திச் சொன்னாள். அந்த நிமிர்வை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பாவின் பெயரையோ சித்தப்பாவின் பெயரையோ சேர்க்காமல், "என்ற காடுங்க," என்றாள்.

பாயிண்ட் பார்ப்பவர் பலகையில் எங்கள் எண்ணை அழித்தபோது அம்மா, "எங்களுக்கு மட்டும் பாத்தா எப்புடிங்க?" என்றாள். எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு வண்டிகளும் இன்னும் களத்தில்தான் நின்றன. "அவங்க கெழங்கையும் ஒருக்காப் போட்டுப் பாருங்க. காலையில வந்தவங்களுக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க."

"பாக்கறனுங்க. பாக்காம வுட்டா நாளைக்கு நான் இங்க நிக்க முடியுமா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மிணி, அடுத்த வாட்டி வர்றப்ப சிரிக்க மாட்டேன்," என்றார். அவர் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது.

அந்த இரண்டு வண்டிகளுக்கும் மறுபடியும் பார்த்தார்கள். ஒன்று இருபத்தாறுக்கு ஏறியது. மற்றொன்று ஒரு பாயிண்டுக்கு மேல் ஏறவில்லை. அது உண்மையிலேயே மழைக் கிழங்கு. அந்த வண்டிக்காரர் சற்று நேரம் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். கூடையின் அடி சுத்தமாக இருந்தது.

எடைமேடையில் டிராக்டரை ஏற்றி இறக்கிவிட்டு வந்த சித்தப்பா, வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் சாவியைக் கையில் சுழற்றினார்.

"அண்ணி," என்றார். "காட்ட ஒருக்கா உழுது போடோணுமில்லீங்க. டிராக்டர எப்ப அனுப்பட்டும்?"

இதுவரை அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. அவர் நினைத்த நாளில் உழுவார்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஓடப்பக்கம் இன்னும் ஈரம் இருக்குதுங்க தம்பி. காயட்டும். நான் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றார் சித்தப்பா.